ஏழாம் நம்பர் தொட்டியில் சுஹைல்

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவின் குவாரி கேம்ப் ஒன்றில், ஏழாம் நம்பர் தண்ணீர்த் தொட்டிக்குள் சுஹைல் நட்சத்திரம் விழுந்தது ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, காலை டூட்டி பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு. அன்று தக்காளி கிலோ நான்கு திர்ஹம். விழுந்ததைப் பார்த்தவர் முதுகுளத்தூர் பாண்டித்துரை ஒருவர்தான். பதினோரு வருடமாகக் கிரஷரில் கல் உடைப்பவர். தண்ணீர் கொஞ்சமாவது ஆறியிருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறியிருந்தார். உள்ளே தேங்காய் அளவில் ஒரு வெளிச்சம் கிடந்தது. இரண்டு கையாலும் எடுத்தார், சில்லென்று இருந்தது. திரும்பத் தண்ணீரிலேயே போட்டு மூடி, மூடியின் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு பஸ் ஏறினார். அன்று முதல் அவர் கைகள் குளிர்ந்தே இருந்தன. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே கோடையில் குழாயைத் திறந்தால் டீ போடலாம். முதல் நாளே வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிக்க வேண்டும். அந்த வாளியும் காலையில் காணாமல் போகும். சுஹைல் வந்த பிறகு ஏழாம் தொட்டியின் அறுபது பேரும் குற்றாலத்தில் நிற்பதுபோல் குளித்தார்கள், பல வருடம் கழித்து நன்றாகத் தூங்கினார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியவர் பாண்டித்துரை. களைத்துப்போனவர்களுக்கு அதற்குமேல் யோசனை ஓடாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விடியலில் தெற்கே சுஹைல் தெரிந்தால்தான் அந்தப் பக்கத்தில் கோடை இறங்கும். அது தொட்டிக்குள் கிடந்ததால், முடிய வேண்டும் என்பதே கோடைக்குத் தெரியாமல் போனது. கோடை மதியத்தில் வெளியே வேலை வாங்கக்கூடாது என்ற ஓய்வுச் சட்டம் செப்டம்பர் பதினைந்தோடு முடிந்தது, வெயில் முடியவில்லை. அக்டோபரில் நாற்பத்தாறு டிகிரி, நவம்பரில் நாற்பத்தேழு. பேரீச்சை இரண்டாம் முறை பழுத்தது. கோடை முடியாமல் யாருக்கும் லீவு இல்லை என்பது கம்பெனியின் வழக்கம். ஐந்து வருடமாக ஊருக்குப் போகாத பாண்டித்துரைக்கு அந்தக் கோடை முடிந்ததும் லீவு எழுதியிருந்தார்கள். ஊரில் அவருடைய அக்கா நாகவள்ளிக்கு ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணுக்கு ஆபரேஷன் தள்ளிப்போனால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியும், தம்பி முகத்தைப் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். வெயில் குறைந்ததா என்று மட்டும் வாராவாரம் போனில் கேட்பாள்.

டிசம்பரில் ஒரு நாள் பாண்டித்துரை சோப்பு வாங்கப் போனார். கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருந்த தொண்டி மீராசா, அரபிகளோடு பேசிப் பழகியவர். சுஹைலைக் காணோம் என்று பாலைவனத்துப் பெரியவர்கள் வந்து புலம்புவதாகச் சொன்னார். நம் அகத்தியர் நட்சத்திரம்தான் அது. நாம் அவரைத் தெற்கே அனுப்பி அங்கேயே இருக்கச் சொன்னோம். அரபிகள் சொல்லும் கதையில் சுஹைல் ஒரு கொலையைச் செய்துவிட்டுத் தெற்கே ஓடியவன். அவனுக்கு இரண்டு தங்கைகள், அவர்களும் நட்சத்திரங்கள்தான். ஒருத்தி பால்வீதி என்கிற வானத்து ஆற்றைத் தாண்டி அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டாள். கடந்தவள் என்றே அவளுக்குப் பெயர். இன்னொருத்தியால் தாண்ட முடியவில்லை.

"அவ பேரு குமைஸா. அழுது அழுது கண்ணு பீளை கட்டுனவன்னு அர்த்தம், தம்பி" என்றார் மீராசா.

பாண்டித்துரை சோப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் பஸ் வருவதற்கு முன் ஏணியில் ஏறி, தொட்டி மூடியின் மேலிருந்த கல்லை இறக்கினார். அறுபது பேரும் ஏணியடியில் வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. கடைசியாக ஒரு வாளி பிடித்துக்கொள்ளட்டுமா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் ஆளுக்கொரு வாளி பிடித்துக்கொண்டார்கள். பாண்டித்துரை நட்சத்திரத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அது போகவில்லை. வருடம் தவறாமல் ஏறி இறங்கிய அலுப்பு அதற்கும் இருந்தது.

"உன் தங்கச்சி ஒண்ணு கண்ணு கலங்கி நிக்கிதாம்ப்பா" என்றார். "நீ மேல வந்தாத்தான் அதுக்குத் தெரியும். போயி நில்லு."

அது மெல்ல எழும்பித் தெற்கே போய் நின்றது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். அன்று மதியமே வடக்குக் காற்று வந்தது, அடுத்த வாரம் லீவும் வந்தது.

அவர் போய்ச் சேர்வதற்கு மூன்று நாள் முன்பு நாகவள்ளியின் மறு கண்ணும் அணைந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொன்றும் தோன்றாமல், கைகளை அவள் கண்கள் மேல் வைத்தார்.

"ஏன்டா, கை இம்புட்டுச் சில்லுனு இருக்கு?"

"அங்க இப்ப ஏசிக்குள்ளதான் வேலைக்கா."

அவள் நம்பினாள். இத்தனை வருடம் கழித்துத் தம்பிக்கு நிழலில் ஒரு வேலை கிடைத்ததே என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். கண் எரிச்சலுக்கு நல்லது என்று முப்பது நாளும் அந்தக் கைகளை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். முப்பத்தோராம் நாள் அவர் விமானம் ஏறினார்.

மறு கோடையில் ஏழாம் தொட்டி பழையபடி கொதித்தது. காலையில் அறுபது பேரும் வாளிகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். பாண்டித்துரை ஒவ்வொன்றிலும் கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார். பஸ் வருவதற்குள் அறுபது வாளியும் முடிந்துவிடும்.