வீட்டுக்காரம்மாவின் ஓட்டு

சொத்து வரி ரசீதோடு அந்த வருஷம் ஒரு ஓட்டுச்சீட்டும் வந்தது. வரிப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம்: நகராட்சி வாசலில் நீரூற்றா, பஸ் நிறுத்தங்களில் பெஞ்சா? வீட்டுக்கு ஒரு ஓட்டு. அடியில் எறும்பு அளவு எழுத்தில், 'இது ஆலோசனை மட்டுமே, மன்றத்தைக் கட்டுப்படுத்தாது.'

பஸ் டிரைவருக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. மனைவியிடம் ஆலோசனை கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி நடந்தே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர்.

அவளாக வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை முடிந்து அவர் பஸ்ஸில்தான் வீடு திரும்புவாள். நிறுத்தத்தில் முட்டிவலியோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்று ஏறியவள், "ஒரு பெஞ்சு போடச் சொல்லி எழுதிக் குடுங்களேன்" என்றாள். "பாக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

சீட்டு அவள் பெயருக்குத்தான் வந்திருந்தது. வீடு அவள் பெயரில். அவளுக்கு இன்னும் கடிதம் போடுவது நகராட்சி ஒன்றுதான். அதற்காகவே பெயரை மாற்றாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

வரி கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல வீட்டுக்காரம்மாதான் சார் கையெழுத்துப் போடணும். வரச் சொல்லுங்க."

"நான் சொல்லி என்னிக்கும்மா அவ வந்திருக்கா?"

"வெளியூரா?"

"ஆமா. லீவு லெட்டர்கூடக் குடுக்காம போயிட்டா."

சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "பேரை மாத்திருங்கய்யா," என்றாள் மெதுவாக. "மாத்தினா நீங்களே போடலாம். ஓட்டு நாளையோட முடியுது."

இறப்புச் சான்றிதழ் மாதக்கணக்காகச் சட்டைப் பையிலேயே இருந்தது. படிவத்தில், 'நீக்க வேண்டிய பெயர்' என்றொரு கட்டம். முப்பது வருஷமும் "இந்தா" என்றே கூப்பிட்டவர், அவள் முழுப் பெயரை முதன்முதலாக எழுதியது அந்தக் கட்டத்தில்தான். ஒரு எழுத்துக்குச் சுழி சரியாக விழவில்லை. இன்னொரு படிவம் வாங்கித் திரும்ப எழுதினார். பிறகு பெஞ்சுக்கு ஓட்டுப் போட்டார்.

பெஞ்சு ஜெயித்தது. இரண்டு மடங்கு ஓட்டு. மன்றம் நீரூற்று கட்டியது.

ஒரு மாதம் கழித்து, அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. டூட்டிக்குக் கொண்டுவந்து, அவள் ஏறும் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திப் பிரித்தார். 'தங்கள் ஆலோசனைக்கு நன்றி. பெஞ்சு குறித்துப் பின்னர் பார்க்கலாம்.'

அது அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த கண்டக்டர், "அடுத்த வருஷமாவது போடுவாங்களாண்ணே?" என்றான்.

பாக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். நிறுத்தத்தில் ஏற யாரும் இல்லை. ஆனாலும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தார்.