மழைக்காட்சியில் அவன் சொன்னது

நூல் ஓட்டும் தறி நாடாவை ஓட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வீரபாகு அந்தக் காட்சியை மறுபடியும் நடித்துக் காட்டத் தொடங்கினார். தறிக்கு மேலே தொங்கிய கயிற்றை வில்லனின் சட்டைக் காலராக நினைத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

“மழ கொட்டுது. வில்லன இப்டித் தூக்கறான். மூஞ்சிய கிட்ட கொண்டாறான். அப்ப சொல்றான் பாரு, ‘உன்ன மன்னிச்சிட்டேன்’னு. நான் வாயப் பாத்து சொல்றேன் குழலி. காதால கேக்கறவனுக்குத்தான் மோளச் சத்தம் தொந்தரவு.”

“மொதல்ல நாடாவப் போடுங்க. கயிறு அறுந்து வில்லன் தப்பிச்சிடப் போறான்,” என்றாள் அவர் மனைவி ஏலவார்குழலி.

வீரபாகு வாய்விட்டுச் சிரித்தார். “வர்ற அமாவாசைக்கு அந்த சிவராஜ ஒரு வழி பண்றேன் பாரு,” என்று சொல்லிவிட்டு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனார். பிளாஸ்கில் டீ நிரப்பிக் கொடுத்த பிறகு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்திருக்கிறார். குடித்த கிளாஸைக் கீழே வைத்தவர் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்க் வீட்டுக்கு வந்தபோது டீ சூடாகவே இருந்தது.

அது மாசி மாதம். படம் வந்தது பொங்கலுக்கு.

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு வீடு தறியின் அச்சு அடிக்கிற சத்தத்தில் தெருவே அதிரும். அமாவாசையன்று திடீரென்று குருவிச் சத்தம் கேட்கும். வீரபாகுவுக்கு அந்த அமைதி ஆகாது. அன்றைக்கு அவருக்கு சினிமா. கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். எதிர்ச் சந்திலிருந்து சிவராஜ் வந்துவிடுவான். அவனும் நெசவாளிதான், வீரபாகுவுக்கு இளையவன். வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து கோதண்டபாணி வந்துவிடுவார். எப்போதோ ஒரு முதல் நாள் காட்சி வரிசையில் நின்றபோது சண்டை போட்டு நண்பர்களானவர்கள் மூன்று பேரும். படம் பார்த்துவிட்டு நேராக வீரபாகு வீட்டுக்கு வருவார்கள். தறிக்கட்டையில் ஒருவர், நூல் மூட்டையில் ஒருவர், தரையில் ஒருவர் என்று உட்கார்ந்து அதன் பிறகுதான் உண்மையான படத்தை ஓட்டுவார்கள்.

குழலி அவர்களோடு ஒருநாளும் போனதில்லை. அடுப்படியிலிருந்து கேட்டே அத்தனை படத்தையும் பார்த்து முடித்திருந்தாள். பல படங்கள் அவர்கள் சண்டையில் இருந்த அளவுக்கு டிவியில் நன்றாக இல்லை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

சமீப வருடங்களில் சண்டைக்குப் புது விஷயம் கிடைத்திருந்தது. பெரிய படம் எதுவானாலும் வசனம் கேட்பதில்லை. ஹீரோ வாயைத் திறந்தால் பின்னால் நூறு பேர் மேளம் அடிக்கிறார்கள். பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தின் மழைக்காட்சி எல்லாவற்றுக்கும் உச்சம். வில்லனின் காலரைப் பிடித்துத் தூக்கி, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, கடலில் வீசுகிறான் ஹீரோ. என்ன சொன்னான் என்பதில் மூன்று பேரும் மூன்று கட்சி.

“‘மறுபடி வருவேன்’னுதான் சொல்றான் அண்ணே. ரெண்டாம் பாகம் எடுக்கப் போறாங்கல்ல? மன்னிக்கிறவன் எதுக்குத் தூக்கிக் கடல்ல போடறான்?” என்பான் சிவராஜ்.

“மன்னிச்சுட்டுத்தான்டா போடறான். மனசுல பாரம் இருந்தா அவ்ளோ தூரம் தூக்கிப் போட முடியுமா?” என்பார் வீரபாகு.

கோதண்டபாணி ரைஸ் மில்லில் இருபது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்று காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அவர் கட்சி எளிமையானது. “அவன் ஒண்ணுமே பேசலபா. எனக்கு ஒண்ணுமே கேக்கல.”

“உனக்கு பஸ் ஹாரனே கேக்காது. நீ பேசாத!”

தோற்றவன் இட்லி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். யாரும் தோற்கவில்லை. எனவே யாரும் இட்லி சாப்பிடவுமில்லை.

வீரபாகுவின் ஆயுதம் வாயசைவு. நெசவாளிக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை என்பார். அது உண்மையும்தான். கரையைத் தனி நூலில் நெய்து கோர்க்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து அவர் சேலையின் உடலை நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து குழலி கரைக்கான நாடாவைத் தள்ளுவாள். தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. பல்லு வலிக்குது, கரண்ட் பில் கட்டியாச்சா, புவனா காலேஜ்லருந்து போன் பண்ணாளா, எல்லாம் உதட்டிலேயே நடக்கும். “இருபத்தஞ்சு வருஷமா வாயப் பாத்தே குடும்பம் நடத்தறவன்டா நான்,” என்று அவர் மார் தட்டும்போது மற்ற இரண்டு பேரும் கொஞ்சம் அடங்கிப் போவார்கள்.

காரியம் முடிந்து முதல் அமாவாசை வந்தது. சிவராஜும் கோதண்டபாணியும் வந்தார்கள். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம். யாரும் தறிக்கட்டையில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில், ஆஸ்பத்திரியில் உட்காருவது மாதிரி, நுனியில் உட்கார்ந்தார்கள். “மழ வரும் போல இருக்குது” என்றார் கோதண்டபாணி. “ஆமா” என்றான் சிவராஜ். பங்குனி வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த அமாவாசைக்குள் படம் போனுக்கு வந்துவிட்டது. ஏனாத்தூரில் கடைசி வருஷம் படிக்கும் மகள் புவனேஸ்வரி அதை டிவியில் போட்டாள்.

“மாமா, இதுல கீழ எழுத்து வரும். இன்னிக்கி அப்பா ஜெயிச்சாரா நீங்க ஜெயிச்சீங்களான்னு தெரிஞ்சிடும்.”

மழைக்காட்சி வந்தது. மேளம் முழங்கியது. ஹீரோ என்னவோ சொன்னான். கீழே எழுத்து வந்தது: ‘இடி இடிக்கிறது’.

குழலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தாள். கோதண்டபாணி துள்ளுவார், நான்தான் சொன்னேனே ஒண்ணும் பேசலன்னு. சிவராஜ் டிவியையே திட்டுவான்.

சிவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அண்ணன் சொன்னதுதான் கரெக்டு அண்ணி. மன்னிச்சிட்டேன்னுதான் சொல்றான்.”

“ஆமா தங்கச்சி. வீரபாகு சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் கோதண்டபாணி.

குழலி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பதினாறு நாளும் அழுது தீர்த்தவள்தான். ஆனால் இந்த வார்த்தை வேறொரு இடத்தில் போய்த் தைத்தது. சிவராஜ் அவரிடம் ஒருநாளாவது ஒன்றையாவது ஒத்துக்கொண்டிருக்கிறானா? சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று அவர் சொன்னால்கூட, எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறீர்கள் என்று கேட்பவன். இப்போது செத்தவருக்கு மாலை போடுகிற மாதிரி வெற்றியைக் கழுத்தில் போட்டுவிட்டு எழுந்து போகப் பார்க்கிறான். பந்தயத்தை முடித்துவிட்டால் இவர்கள் இன்னும் எத்தனை அமாவாசைக்கு வருவார்கள்? வாழைப்பழம் வாங்குவது அலுத்ததும் நின்றுவிடுவார்கள். அதற்கப்புறம் இந்த வீட்டில் அமாவாசை என்பது வெறும் குருவிச் சத்தம்தான்.

அவளுக்கு வேண்டியது ஆறுதல் இல்லை. சண்டை வேண்டும். பழைய மாதிரி, பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுகிற அளவுக்கு.

ஆடி மாதம் வழி கிடைத்தது. ஹீரோவின் பிறந்தநாளுக்கு அதே படத்தை ஊரில் பழைய தியேட்டரில் ஒரே ஒரு நாள் மறுபடியும் திரையிடுகிறார்கள் என்று புவனா சொன்னாள். அந்த நாள் ஆடி அமாவாசையாக வந்து விழுந்திருந்தது.

“நாலு டிக்கெட் போடு. சாயங்கால ஆட்டம்,” என்றாள் குழலி.

“நாலா? யார் யாரும்மா?”

“உங்க மாமா ரெண்டு பேரு. நீ. நானு.”

மதியம் வீரபாகு படத்துக்கு முன்னால் படையல் போட்டாள். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் இருக்கிற பக்கமாகத்தான் பறந்தது என்று புவனா சாதித்தாள். சாயங்காலம் குழலி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியதை எதிர்வீட்டுக் கலைவாணி பார்த்துவிட்டாள்.

“இன்னா குழலி, ஆடி அமாவாசையும் அதுவுமா சினிமாவா?”

“அவரு எந்த அமாவாசைக்குக்கா வீட்ல இருந்தாரு? அங்க போனாத்தான் பாக்க முடியும்.”

கலைவாணி வாசலை விட்டு இறங்குவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

தியேட்டரில் சிவராஜும் கோதண்டபாணியும் சாமி ஊர்வலத்தில் போகிறவர்கள் மாதிரி இரண்டு பக்கமும் நடந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். படம் தொடங்கியதும் விசிலும் காகிதப் பூவும் பறந்தன. யாரோ ஒரு பையன் திரைக்கு முன்னால் போய்ச் சூடம் காட்டினான். பாட்டுக்குக் கோதண்டபாணியின் துண்டு அவரை அறியாமல் தலைக்கு மேல் சுழன்றது. குழலியைப் பார்த்ததும் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டார்.

“சுத்துங்கண்ணே,” என்றாள் குழலி.

மழைக்காட்சி வந்தது. குழலி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். மேளச் சத்தம் நெஞ்சுக்குழியில் இடித்தது. அது அவளுக்குப் பழக்கமான அதிர்வுதான். சத்தத்தை ஒதுக்கிவிட்டு உதட்டை மட்டும் பிடிக்க அவள் கண்ணுக்குத் தெரியும். ஹீரோவின் முகம் திரை முழுக்க வந்தது. அவள் பார்த்தாள்.

தாடி.

வீட்டு டிவியில் இருட்டாகத் தெரிந்த இடம் முழுக்கத் தாடி. மேலுதட்டை மீசை மூடியிருந்தது. கீழுதட்டைத் தாடி மூடியிருந்தது. நடுவில் மழைத்தண்ணீர் ஓடியது. போதாததற்கு முகம் பாதி திரும்பியிருந்தது. இதில் பிரம்மா வந்து பார்த்தாலும் ஓர் எழுத்து தெரியாது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. தறியில் உட்கார்ந்திருக்கும் வீரபாகு அவள் கண்ணுக்குள் வந்தார். தலை குனிந்தபடி, பார்வை சேலையை விட்டு நகராமல், உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டவள் பக்கத்திலிருந்த குழலிதான். அவர் நிமிர்ந்து இவள் உதட்டைப் பார்த்ததே இல்லை; இவள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் தொடையைத் தட்டி, தறியை நிறுத்தச் செய்துதான் சொல்வாள். வாய் பார்த்துக் குடும்பம் நடத்தியது யார்? மார் தட்டியது யார்?

ஹீரோ வில்லனைக் கடலில் வீசினான். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. அதற்கு நடுவில் குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புவனா பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னாமா?”

“உங்கப்பா… உங்கப்பா…” அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

படம் விட்டதும் பக்கத்திலிருந்த முனிசாமியின் இட்லிக் கடையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி அழுதுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சிவராஜ் மெதுவாகத் தொடங்கினான்.

“அண்ணன் சொன்ன மாதிரியேதான் அண்ணி சொல்றான். மன்னிச்சி…”

“உங்கண்ணன் புளுகியிருக்காரு,” என்றாள் குழலி.

சிவராஜ் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டான்.

“அத்தன தாடி. உதடு எங்க தெரியுது? உங்க மூணு பேருக்கும் கண்ணும் இல்ல காதும் இல்ல. இந்த மனுசன் வாயப் பாத்தேன் வாயப் பாத்தேன்னு உங்கள நல்லா ஏமாத்தியிருக்காரு. வாயப் பாத்துப் பேசறது நானு. அவரு சேலயத்தான் பாப்பாரு.”

கோதண்டபாணி “இன்னாது?” என்றார். புவனா அவர் காதில் மறுபடியும் சொன்னாள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

அதற்குள் சிவராஜ் மேசையைத் தட்டிவிட்டான். “புளுகா! அப்ப நான் சொன்னதுதான் கரெக்டு! ‘மறுபடி வருவேன்’! மூணு மாசமா ஒத்துக்கினு தூக்கம் வராம கெடந்தேன் அண்ணி நானு!”

“உனக்கு மட்டும் கேட்டுதா? மொத தடவ பாக்கச்ச ஸ்பீக்கருக்குக் கீழ குறட்ட வுட்டவன்டா நீ,” என்றார் கோதண்டபாணி. “அவன் பேசவே இல்ல. டிவிலயே எழுத்து வந்துது, இடி இடிக்குதுன்னு. இடி பேசுமா?”

“வாய் அசையுதே!”

“குளுருதுபா அவனுக்கு! மழையில நிக்கறான்ல, பல்லு அடிச்சிக்குது!”

“ரெண்டு பேரும் தப்பு,” என்றாள் குழலி. “மன்னிச்சிட்டேன்னுதான் சொல்றான்.”

சிவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஏன் அண்ணி, இப்பதான அண்ணன் புளுகுனாருன்னீங்க?”

“பாத்தேன்னு சொன்னதுதான் புளுகு. சொன்னது சரி.”

“அது எப்டி?”

“மனசுல பாரம் இருந்தா அவ்ளோ தூரம் தூக்கிப் போட முடியுமா?”

“அய்யோ, இது அண்ணன் பேச்சு! நீங்க அவருக்கு மேல புளுகறீங்க அண்ணி!”

அவ்வளவுதான். குழலிக்கு இட்லி இறங்கியது. சிவராஜ் எழுந்து நின்று, சாம்பார் வாளியை வில்லனாக வைத்து நடித்துக் காட்டினான். கோதண்டபாணி காது கேட்காத தைரியத்தில் எல்லோருக்கும் மேலே கத்தினார். புவனா போனில் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட, ஒவ்வொரு தடவையும் இடி இடித்தது. “மெல்லப் பேசுங்கபா, கஸ்டமர்லாம் பாக்கறாங்க” என்று சொல்ல வந்த முனிசாமி, ஒரு தடவை போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இதுல இன்னாபா சந்தேகம், அவன் அம்மாவக் கூப்புடறான்” என்று நான்காவது கட்சியைத் தொடங்கினார்.

இட்லிக்கு யார் கொடுப்பது என்று தீர்மானமாகவில்லை. யாரும் தோற்கவில்லையே.

இப்போதெல்லாம் அமாவாசைக்கு நான்கு டிக்கெட். படம் முடிந்து வந்தால் தறிக்கட்டையில் குழலி உட்காருகிறாள். நூல் மூட்டையும் தரையும் மற்றவர்களுக்கு. கலைவாணியின் பேரன் ஒருமுறை தூக்கத்தில் எழுந்து அழுதிருக்கிறான். அந்தப் படம் தீபாவளிக்கு டிவியில் வந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, மிக்ஸியைக்கூட நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். மழைக்காட்சியில் அவன் என்ன சொன்னான் என்பது இன்றுவரை யாருக்கும் கேட்கவில்லை.