ஸ்பூன் கேட்டவர்கள்

எங்கள் ஆலை வாசலில் தொங்கிய போர்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘விபத்தில்லாமல் ஓடிய நாட்கள்’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். கீழே தினமும் ஓர் எண் ஏறும். மூன்று இலக்கத்தைத் தொட்டால் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி என்று முதலாளி ஹபீப் ரகுமான் அறிவித்திருந்தார். நடுவில் யாருக்காவது அடிபட்டால் எண் பூஜ்யமாகிவிடும், பிரியாணியும் போய்விடும்.

நான் ரிஸ்வானா, ராஜபாளையத்தில் இருக்கும் அந்தப் பேண்டேஜ் ஆலையின் சேஃப்டி ஆபீசர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், நாள் முழுக்கக் கத்திவிட்டு, தொண்டை கட்டித் திரும்புவதுதான் என் உத்தியோகம். கத்துவதெல்லாம் ஒரே ஒரு மிஷினைப் பற்றித்தான்.

நீளமான துணி உருளையைச் சின்னச் சின்ன பேண்டேஜ் சுருளாக நறுக்குகிற மிஷின் அது. உள்ளே வட்டக் கத்தி சுற்றும், மேலே இரும்பு மூடி இருக்கும். மூடியை ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்கினால் வேலை ஓடாது என்று பெண்கள் அதைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள், அதுவும் பேண்டேஜ் துணியாலேயே. காலையில் நான் அவிழ்ப்பேன். அடுத்த ஷெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் புதுக்கட்டு தொங்கும். மூடியைத் திறந்தால் மிஷின் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுங்கள் என்று முதலாளியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். யாருடைய விரலாவது போவதற்கு முன்னால் அது வந்துவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

“போர்டப் பாரும்மா,” என்பார் அவர். “ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. பொறவு எதுக்கு சுவிட்சு?”

எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கையே இல்லை. ஆனால் பொய் என்று காட்டவும் வழியில்லை. நூல் உரசினால் விரல் அறுக்கும் என்று, எங்கள் ஆலையில் எல்லோரும் வேலை தொடங்கும்போதே விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். இதில் காயத்துக்குப் போட்ட கட்டு எது, நூலுக்குப் போட்ட கட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் “நூலுக்குத்தான் மேடம்” என்று ஒரே குரலில் பதில் வரும்.

ஒருவழியாக எண் மூன்று இலக்கத்தைத் தொட்டது. பேக்கிங் ஷெட்டில் இலை போட்டார்கள். கேன்டீன் அய்யூப் அண்ணன் அண்டா மூடியைத் திறந்ததும் வாசம் கேட் வரைக்கும் போனது. நூலுக்குச் சுற்றிய துணிகளை எல்லோரும் அவிழ்த்து எறிந்து, கை கழுவி, வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நறுக்கும் மிஷினில் கருத்தம்மா அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதிலும் அப்படித்தான். அவர்தான் முதலில் கேட்டார். “அய்யூப்பு, ஒரு ஸ்பூன் இருந்தா குடேன்.”

அடுத்து மாரிக்கனி கேட்டாள். பிறகு எதிர் வரிசையில் பரிபூரணம். அதற்குப் பிறகு யார் யாரோ கேட்டார்கள்.

அய்யூப் அண்ணன் கரண்டியோடு நின்றுவிட்டார். “இருந்த ஸ்பூனெல்லாம் தீந்துபோச்சு. இனிமே கேக்கறவிய டீ கிளாஸுல அள்ளித்தான் திங்கணும்.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. நேராகக் கருத்தம்மா அக்கா முன்னால் போய் நின்றேன். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“கையக் காட்டுங்கக்கா.”

“நூலுக்குக் கட்டுனது தாயி.”

“பிரியாணியிலயுமா நூலு கெடக்கு?”

வரிசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நானே கையை எடுத்துக் கட்டை அவிழ்த்தேன். ஆள்காட்டி விரல் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. ஊருக்கெல்லாம் காயத்துக்குத் துணி அனுப்புகிற ஆலையில், இவர் காயத்தில் இருந்தது தறியிலிருந்து வந்த கழுவாத கஞ்சித்துணி.

“என்னைக்குப் பட்டுச்சு?”

“போன வாரம். சொன்னா போர்டு அழிஞ்சிரும்லா. என் ஒரு வெரலுக்காவ இம்புட்டு பேரு எலையும் காலியாக் கெடக்கணுமா?”

கோபம் வந்த வேகத்திலேயே எனக்கு அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு, “ஸ்பூன் வாங்குனவிய எல்லாரும் தூக்கிக் காட்டுங்க,” என்றேன். தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாக மேலே வந்தன. எண்ணவே மனசு வரவில்லை.

திரும்பினால், ஓரத்து மேஜையில் முதலாளி. சாப்பிட்டு முடித்துப் புறங்கைவரை நக்குகிற மனுஷர், அன்றைக்கு இடது கையால் ஸ்பூன் பிடித்து வெள்ளைக்காரர் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் ஸ்பூனும் மெல்ல உயர்ந்தது.

“நேத்து ஒரு மெட்ராஸ் பார்ட்டிக்கு மிஷின ஓட்டிக் காட்டுனேன்,” என்றார். “லேசாத்தான் பட்டுச்சு.”

“ஏன் சார் சொல்லல?”

“ஆடு வாங்கியாச்சேம்மா.”

ஷெட்டே அதிர்ந்தது. அவரும் சேர்ந்து சிரித்தபடி எழுந்து வந்து கருத்தம்மா அக்காவின் விரலைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பாதிச் சாப்பாட்டில் அவரே காரை எடுத்தார். வண்டியில் ஏறும்போதும் அக்கா, “ஏட்டி மாரிக்கனி, என் எலைய எடுத்து மூடி வையி,” என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை எடுத்து ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மேல் கணுவை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். திட்டு முழுவதையும் முதலாளிதான் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே சுவிட்ச் வந்தது. மூடி திறந்தால் மிஷின் நின்றுவிடும், எப்பேர்ப்பட்ட முடிச்சும் பலிக்காது. வேலை மெதுவாகிவிட்டது என்று மாரிக்கனி நாலு நாள் என்னோடு பேசவில்லை. போர்டை முதலாளியே கழற்றினார். சின்னக் கீறல் என்றாலும் இப்போது என்னிடம் வந்து காட்டுகிறார்கள், திட்டாமல் மருந்து போடக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் எந்தக் காரணமும் இல்லாமல் இன்னொரு பிரியாணி போட்டார் முதலாளி. அய்யூப் அண்ணன் முன்ஜாக்கிரதையாக ஒரு கட்டு ஸ்பூன் வாங்கி வந்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. கருத்தம்மா அக்கா ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு விரலாக நக்கினார். அந்த விரலை மட்டும் ரெண்டு தடவை.