கொழும்புக் காலுக்கு ஒரு குதி

புளியங்கூடல் ஆழ்வாப்பிள்ளையின் இடது முழங்காலுக்குக் கீழே இருந்தது கட்டைக்கால் அல்ல. அப்படிச் சொன்னவர்களோடு அவர் கதைப்பதில்லை. அது கொழும்புக்கால். வண்டிச் சில்லு ஏறி நசுங்கிய காலை வெட்டிய அடுத்த வருடம், 1964இல், கொழும்புக்குப் போய் அளவு கொடுத்துச் செய்வித்தது.

அந்தக் கால் அவரைப் பின்னுக்குச் சாய்த்தே நடத்தியது. நெஞ்சு முன்னே, தலை பின்னே. "கால் போயும் மனுசனுக்கு எடுப்புக் குறையேல்லை" என்றது ஊர். அவர் மறுக்கவில்லை. வலி என்று தெரிவதைவிட எடுப்பு என்று தெரிவது குடும்பத்துக்கு நல்லது.

உண்மையில் பத்தடி நடந்தாலே முழங்கால் பின்னுக்கு இழுபட்டது. மிஞ்சிய காலின் எலும்பு நுனி, அது செருகியிருந்த மரக்கிண்ணத்தின் முன்சுவரில் இடித்துத் தோலை உரித்தது. மனைவி அன்னபூரணம் கம்பளிக் காலுறை ஒன்றுக்கு இரண்டு போட்டுப் பார்த்தாள். கால் உள்ளே போக மறுத்தது. பஞ்சு வைத்துப் பார்த்தாள். உள்ளே போன கால் வெளியே வர மறுத்தது. அன்றைக்கு அவர் கொழும்புக்காலோடேயே படுத்தார்.

பிள்ளையார் கோயில் ஐந்தாம் திருவிழா அவருடைய பரம்பரையின் உபயம். உபயகாரர் சுவாமிக்கு முன்னால், கோயிலைச் சுற்றியுள்ள வெளிவீதி முழுவதும் வெறுங்காலோடு நடந்து வரவேண்டும். போன இரண்டு வருடமும் அவர் கதிரையில் இருந்து பார்க்க, சிற்றப்பாவின் மகன் தியாகலிங்கம்தான் நடந்தான். இந்த முறையும் அவனே நடந்தால் உபயம் அந்த வீட்டுக்குப் போய்விடும்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்க, அன்னபூரணம் ஊர்காவற்றுறையில் தோணி கட்டும் கிறிஸ்தோப்பரைக் கூப்பிட்டு அனுப்பினாள். வந்தவர் காலைத் தொடவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து, ஆழ்வாப்பிள்ளையை நடக்கவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தார்.

"ஐயா, ஒருக்கா நில்லுங்கோ. பின்பாரம் ஏத்தின தோணி மாதிரி நிக்கிறியள். முன்பக்க அணியம் வானத்தைப் பாக்குது."

"எங்கட பரம்பரையே இப்பிடித்தான் நிக்கிறது."

"ஓம் ஐயா. ஆனா பரம்பரைக்கு முழங்கால் வீங்கிறேல்லையே."

கிறிஸ்தோப்பர் ஒரு பலகைத் துண்டை மரப்பாதத்தின் குதிக்குக் கீழே செருகினார். ஆழ்வாப்பிள்ளையின் உடம்பு மெல்ல முன்னுக்கு வந்து நேரானது. முழங்காலின் இழுவை நின்றது.

"அளவெடுக்கேக்கை சப்பாத்து போட்டிருந்தனீங்களோ?"

"இல்லை."

"போட்டவர்," என்றாள் அன்னபூரணம் குசினிக்குள் இருந்து. "கொழும்புப் புறக்கோட்டையிலை புதுச்சோடி வாங்கிப் போட்டவர். ஊரிலையும் சப்பாத்துத்தானோ எண்டு அளவெடுத்த மனுசன் கேக்க, படுக்கேக்கை மட்டுந்தான் கழட்டிறனான் எண்டு சொன்னவர். ஊருக்கு வந்த நாளிலை இருந்து அந்தச் சோடி அலுமாரிக்குள்ளை."

"வெறுங்காலோட போய் நிண்டா எங்கட குடும்பத்தை என்னெண்டு நினைப்பினம்?"

"அப்ப செய்த ஆக்களிலை பிழையில்லை," என்றார் கிறிஸ்தோப்பர். "சப்பாத்துக் குதியின்ரை உயரத்துக்குப் பாதத்தைச் சரிச்சு வைச்சிருக்கினம். சப்பாத்தைக் கழட்டினா குதி பள்ளத்துக்கை போகுது. ஆள் பின்னுக்குச் சாயாமல் என்ன செய்யும்?"

வேப்பங்கட்டையில் ஓர் அங்குலக் குதி சீவி, மரமுளை அடித்துப் பாதத்தோடு பொருத்தினார். எலும்பு இடித்த இடத்தில் கிண்ணத்தை அரத்தால் கொஞ்சம் தேய்த்துக் குழித்தார். ஆழ்வாப்பிள்ளை வேலி வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு இன்னொரு முறை போய் வந்தார்.

திருவிழா அன்று பின்னேரம் சுவாமி வாசலுக்கு வந்தது. ஆழ்வாப்பிள்ளை முன்னால் வந்து நிற்க, தியாகலிங்கம் குனிந்து பார்த்தான்.

"அண்ணை, உதென்ன? குதி வைச்ச சப்பாத்தெல்லே! சப்பாத்தோடயோ சுவாமிக்கு முன்னாலை நிக்கிறியள்?"

தவில் நின்றது. சனம் முழுவதும் அந்தப் பாதத்தைப் பார்த்தது. பேசாமல் கதிரைக்குப் போனால் மானம் மிஞ்சும், உபயம் போகும். ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"சப்பாத்து இல்லை. நான் சப்பாத்து போடுற ஆள் எண்டு பொய் சொல்லி அளவு குடுத்தனான். இது அந்தப் பொய்க்கு வைச்ச ஒட்டு."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வீதியே சிரித்தது. கோயில் ஐயர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

"உதைத் தனியாக் கழட்டலாமோ?"

"கழட்டிறதெண்டா காலோடதான் கழட்டவேணும்."

"அப்ப அது கால்தான். நடவுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை நடந்தார். தெற்கு வீதியில் ஒவ்வொரு அடியாக, வலி எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நடந்தார். மேற்கு வீதியிலும் அது வரவில்லை. வடக்கு வீதியில் அதை மறந்தே போனார். கையை வீசிக்கொண்டு, மணல் தெறிக்க, இரண்டு வருடம் கதிரையில் இருந்த மனுசன் போய்க்கொண்டே இருந்தார். தவில்காரர் ஓடிப் பார்த்தும் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

பின்னால் வெகுதூரத்தில் ஐயரின் குரல் கேட்டது.

"ஆழ்வாப்பிள்ளையர்! கொஞ்சம் நில்லுங்கோ! பிள்ளையார் இன்னும் மேற்கு வீதியிலை!"