வாயில்லாப் பூச்சி பேசிய நாள்

மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு, நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுச் சொந்தக்காரரிடமும் பள்ளிக்கூடத்திலும் பேசுவது மனைவிதான்.

"என் தம்பி வாயில்லாப் பூச்சி. அவன் வாயையும் சேர்த்து இவளே வச்சிருக்கா" என்று நாத்தனார் சிரிப்பாள்.

மேடைப்பேச்சு வகுப்பில் அவரைச் சேர்த்ததும் மனைவிதான். தையல்கடையில் பதினாலு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். காய் நறுக்கிக்கொண்டே ஒத்திகை கேட்பாள்.

"ஏங்க, சுவரைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க."

"உன்னைப் பார்த்தா சிரிப்பு வருது."

"முதல்ல யாரையாவது பாராட்டுங்க. கூட்டம் தானா நம்ம பக்கம் வந்துடும்."

ஆறே மாதம். முதுகு நிமிர்ந்தது, கிடங்கில் மேற்பார்வையாளரும் ஆனார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யக் குடும்பம் கூடியது. உள்ளே போகுமுன் அவள் அவரிடம் சொன்னாள்.

"என்னால வேலையை விட முடியாதுங்க. மூணு வீடும் முறை வச்சுப் பார்க்கலாம். நானே சொல்லிடறேன்."

"நீ எதுக்கு? நான் பேசறேன்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் எழுந்து அவளைப் பார்த்தார்.

"எனக்குப் பேசக் கத்துக் கொடுத்ததே இவதான். எங்கம்மாவுக்கு இவ மருமக இல்ல, மக. இவ கை பட்டாலே அம்மாவுக்குப் பாதி வலி போயிடும். வேலை இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். இந்த மனசு வேற யாருக்கு வரும்?"

நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். கொழுந்தன் கை தட்டினான். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"முறை வச்சு..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"பாரு, அவளுக்குப் பேச்சே வரல" என்று நாத்தனார் கட்டிக்கொண்டாள்.

"குடுத்து வச்சவங்க அக்கா நீங்க!" என்றாள் ஓரகத்தி. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் கடையில், வேலையை விடுவதாக அவள் சொன்னதும் முதலாளியம்மாவுக்கு ஆத்திரம்.

"ஊருக்கே நியாயம் பேசுவியே! முடியாதுன்னு சொன்னா என்ன?"

"சொல்லத்தாம்மா போனேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க."

"இன்னிக்குச் சொல்லேன்."

"இனிமே சொன்னா நான் கெட்டவ ஆயிடுவேன்."

முதலாளியம்மா சுருட்டி வைத்திருந்த சட்டைத்துணியை மேஜைமேல் தள்ளினாள்.

"இதையாவது வெட்டிக் குடுத்துட்டுப் போ. புது ஆளுக்குக் கை பழக நாளாகும்."