ஆதரவாக ஒரு கை

மாலக்கி டிக்னனின் வலது தோளில் வலி தொடங்கியது டிசம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு இருபதுக்கு. எங்கள் மாவட்டத்துக் கால்பந்தை நடத்தும் கவுண்டி போர்டின் வருடாந்தர மாநாட்டில் ஓட்டுப் போடுவதற்காக அவர் தூக்கிய கை அதற்குப் பிறகு இறங்கவில்லை. இந்த டிசம்பரோடு பதினான்கு வருடம் ஆகிறது. மழை பெய்தால் வலி கூடும், வெயில் அடித்தால் குறையும். எங்கள் க்ளூனவாராவில் வருடத்துக்கு எத்தனை நாள் வெயில் அடிக்கும் என்று தெரிந்தவர்கள் மீதியைக் கணித்துக்கொள்ளலாம்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். அந்த மாநாட்டுக்கு மூன்று வருடம் முன்பு, பிப்ரவரியில், மாலக்கியின் மனைவி நூலா இறந்தாள். அன்று ரோடு முழுக்கப் பனி உறைந்து கிடந்ததால் சவ வண்டி கல்லறை மேட்டில் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மைல் ஏறினார்கள். முன்வரிசையில் மாலக்கிக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தவர் கவுண்டி போர்டின் தலைவர் சில்வெஸ்டர் கானன். துக்கம் கேட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போக வந்தவர், காலில் நல்ல ஷூ. பாதி வழியில் சறுக்கி முழங்காலில் விழுந்தார். கால்சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. பெட்டி மட்டும் ஒரு அங்குலம் சாயவில்லை. எங்கள் பக்கத்தில் வேலித் தகராறை மறப்பார்கள், வாங்கிய அடியைக்கூட மறப்பார்கள். பிணத்துக்குத் தோள் கொடுத்தவனை மறந்தவர் யாருமில்லை.

மாலக்கியின் ஒரே மகன் ரோனன் இடதுகாலால் ஆடுகிறவன். எங்கள் நாட்டுக் கேலிக் கால்பந்தில் அப்படி ஒரு இடதுகால் எங்கள் கவுண்டிக்கு வாய்த்து முப்பது வருடம் ஆகியிருந்தது. பகலில் அப்பாவோடு சுவர் பூசுவான், சாயங்காலம் பயிற்சிக்குப் போவான், பைசா கிடையாது, யாருக்கும் கிடையாது, அது எங்கள் ஆட்டத்தின் முறை. அவனுக்கு இருபத்திரண்டு வயதான கோடையில் எங்கள் அணி முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு மாகாண இறுதியாட்டத்துக்குப் போனது. முதல் பாதியில் ரோனன் ஆறு பாயின்ட் அடித்தான், நாங்கள் நான்கு பாயின்ட் முன்னால் இருந்தோம். அணியின் மேனேஜர் இன்னொரு கவுண்டிக்காரர். மடிக்கணினியும் கையுமாக இரண்டரை மணி நேரம் காரோட்டி வருகிறவர். இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று அவர் இடைவேளையில் ரோனனை வெளியே எடுத்துவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரனை இறக்கினார். பதினான்கு பேர் பந்துக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு பாயின்ட்கூட அடிக்கவில்லை. தபாலாபீஸ் நடத்தும் கன்செப்டா ஃபீலி மழையில் வேலியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்துச் சொன்னது அரங்கில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"யோவ், அந்தப் பொட்டிய மூடி வச்சிட்டு மைதானத்தப் பாருய்யா. கோல் போடுற பையனுக்குப் போர்வை போத்தி உக்கார வச்சிருக்க, அவனுக்கு என்ன காய்ச்சலா?"

ஒரு பாயின்டில் தோற்றோம். ரோனன் இரண்டாம் பாதியின் முப்பத்தைந்து நிமிடமும் பெஞ்சில் இருந்தான். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் நீட்டிய கையைக் குலுக்காமல் போனான். அந்த மேனேஜர் நீடித்தால் ரோனனுக்கு இனி அணியில் இடமில்லை என்பது அன்று சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இலையுதிர்காலம் முழுக்க ஊர் வேறெதுவும் பேசவில்லை. பூசை முடிந்து வாசலில் அதே பேச்சு, சதுப்பிலிருந்து அடுப்புக்கு எரிமண் ஏற்றுகிறபோது அதே பேச்சு, பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட பங்குச் சாமியார் பாவத்தைக் கேட்டு முடித்ததும் மேனேஜரைப் பற்றிக் கேட்டார். மேனேஜருக்கு இன்னும் மூன்று வருடம் கொடுப்பதா என்று டிசம்பர் மாநாட்டில் ஓட்டு எடுப்பதாக இருந்தது. எங்கள் கிளப் கூடி, எதிர்த்து ஓட்டுப் போடவேண்டும் என்று ஒரே குரலில் தீர்மானித்தது. கிளப்பின் பிரதிநிதி மாலக்கி. மகனுக்காகவாவது சரியாகப் போடுவார் என்றுதான் அவரை அனுப்பினார்கள்.

"உனக்கு வேலையே கெடையாது, மாலக்கி," என்றாள் கன்செப்டா. "ஆதரவா யாருன்னு கேப்பாங்க. சும்மா உக்காந்திரு. அவ்வளவுதான். மாடுகூடச் செய்யும்."

"உக்காரத் தெரியாதா எனக்கு," என்றார் மாலக்கி.

மாநாடு ஓட்டல் கூடத்தில் நடந்தது. சூப்பு கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் அறிக்கை வாசித்தார்கள். பிறகு சில்வெஸ்டர் எழுந்து, ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார். மாலக்கியை அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. நின்ற இடத்தில் குனிந்து முழங்காலை ஒரு தடவை தேய்த்துக்கொண்டார். மாலக்கியின் கை எழுந்தது. முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. தீர்மானம் நிறைவேறியது, எல்லோரும் கையை இறக்கினார்கள், மாலக்கியைத் தவிர.

இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஊசி போட்டார். டப்ளின் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து எலும்பில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துப் பங்கு ஊரில் எலும்பு பிடிக்கிறவர் அந்தக் கையில் தொங்கிப் பார்த்து, ஆடிக் களைத்து, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார். விரல்கள் நன்றாக மடங்கின, மணிக்கட்டு சுழன்றது. கை மட்டும் காதை ஒட்டி நேராக மேலே நின்றது. மாநாட்டுக்கு மறுநாள் காலை அவர் தபாலாபீசுக்குள் நுழைந்தபோது எப்படி ஓட்டுப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கன்செப்டா தபால்தலையைக் கிழித்துக் கொடுத்தாள். வழக்கமாகச் சொல்லும் நன்றியைச் சொல்லவில்லை. அவளிடம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

ரோனன் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

"நீதானா அந்த ஒண்ணு?" என்றான்.

"அந்த மனுசன் உங்கம்மாவத் தூக்கினாருடா."

ரோனன் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு முழுவதையும் உரித்து முடித்தான். பாதியை அப்பாவின் தட்டில் வைத்தான், வலது கை அவருக்குப் பயன்படாது என்பதால். ஜனவரியில் மேனேஜரிடமிருந்து அவன் போனுக்கு இரண்டு வரிச் செய்தி வந்தது. இதுவரை ஆடியதற்கு நன்றி என்பது இரண்டாவது வரி. மார்ச்சில் அவன் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்தில் ஒரு சுரங்கத்து வேலைக்குப் புறப்பட்டான். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தாலும் அப்பாவின் கை தூக்கியபடிதான் தெரிந்திருக்கும். அது விடைகொடுக்கிறதா, ஓட்டுப் போடுகிறதா என்று எட்ட நின்று சொல்ல முடியாது. மாலக்கி அவன் போய் ஒரு மணி நேரம் வரை அங்கேயே நின்றார். இரண்டு சுற்றுலா வழிகாட்டிகள் தங்கள் பயணிகளை அவர் பின்னால் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

உயர்ந்த கையோடு வாழப் பழகுவது நினைப்பதைவிடச் சுலபம். அவருடைய வண்டியின் கூரையில் ஒரு ஓட்டை போட்டு, மழைக்கு ஒரு ரப்பர் உறை தைத்தார்கள். மாட்டுச் சந்தையில் முதல் வாரம் ஏலக்காரர் தெரியாமல் மூன்று காளைக்கன்றுகளை அவர் தலையில் கட்டிவிட்டார்; பிறகு அவர் வந்தாலே, "மாலக்கி கை கணக்கில்ல," என்று சொல்லிவிட்டு ஏலத்தைத் தொடங்கினார். சுவர் பூச முடியாது என்பதால் கூரைப் பூச்சு மட்டும் எடுத்தார். பலகை மேல் நின்று, பூச்சுக் கரண்டியை உயர்ந்த கையில் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித் தேய்ப்பார். சுற்றியுள்ள ஐந்து பங்கு ஊர்களில் அவர் பூசிய கூரைபோல வழவழப்பான கூரை வேறில்லை. அண்ணாந்து பார்த்தே பிடரி மரத்துப்போனது. ராத்திரி படுத்தால் கை தலைமாட்டுச் சுவரை முட்டும், அதனால் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்.

கவுண்டி போர்டுக்கு அந்தக் கையை யாரைவிடவும் பிடித்துப்போனது. அடுத்த மாநாட்டில் மாலக்கி எழுந்து, இது நானாகத் தூக்கிய கை இல்லை, எண்ணாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தூக்கிய கை தூக்கிய கைதான் என்றார்கள். எதிர்ப்பவர்களை எண்ணும்போதும் தூக்கித்தானே இருக்கிறது என்றார் அவர். ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான், ஆதரவை முதலில் எண்ணுவது வழக்கம் என்றார்கள். கிளப் வேறு பிரதிநிதியை அனுப்பியது. போர்டு மாலக்கியை ஆயுள்காலப் பிரதிநிதி ஆக்கியது. ஒரு வருடம் அவர் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கை எங்கே இருந்தாலும் உயர்ந்துதான் இருக்கிறது, அதை எண்ண ஆள் வரவேண்டிய அவசியமில்லை என்று குறிப்பேட்டில் எழுதி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்த மேனேஜர் போய் இன்னொருவர் வந்தார், அவர் போய் மற்றொருவர், எல்லோரும் ஒரு ஓட்டு வித்தியாசத்தில். பயிற்சி மைதானத்துக்கு வடிகால் வேண்டாம் என்பதும், இளைஞர் அணியைக் கலைப்பதும் ஒரு ஓட்டு வித்தியாசத்தில். ஒருவர் ஒரு பதவியில் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் சில்வெஸ்டர் தலைவராக இருந்து செயலாளர் ஆனார், செயலாளராக இருந்து பொருளாளர் ஆனார், அதுவும் அப்படித்தான். எங்கள் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது, பிறகு நான்காம் பிரிவுக்கு. அதற்குக் கீழே பிரிவு இல்லை.

பதினோராம் வருடம் சில்வெஸ்டர் கானன் இறந்தார். அன்றும் பனி உறைந்திருந்தது. மாலக்கி வரிசையில் போய் நின்று இடது தோளைக் கொடுத்தார். மேட்டில் ஏறும்போது ஐந்து கைகள் பெட்டியைப் பிடித்திருந்தன, ஒன்று மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. பட்ட கடன் தீர்ந்தது, பெட்டி குழிக்குள் இறங்கும்போது கையும் இறங்கிவிடும் என்று ஊர் முழுக்க எதிர்பார்த்தது. பங்குச் சாமியார் செபத்தை மெதுவாகச் சொன்னார். பெட்டி இறங்கியது, மண் விழுந்தது, ஹாம் வைத்த ரொட்டியும் தேநீரும் தயார் என்று ஆள் வந்து சொன்னான். கை அப்படியே இருந்தது.

"அப்ப அது சில்வெஸ்டருக்குப் பட்ட கடன் இல்ல," என்றாள் கன்செப்டா, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து.

போன கோடையில் ரோனன் ஒரு வாரம் வந்திருந்தான். முப்பத்தைந்து வயது, இடது இடுப்பில் அறுவை செய்த தழும்பு, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். அங்கே அவன் பந்தைத் தொட்டதே இல்லையாம். ஞாயிறு காலை பூசைக்கு முன் அப்பாவைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து அந்தக் கையையும் அக்குளையும் துடைத்துவிட்டான். தோள் எலும்பு தோலுக்குள் துருத்திக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"மழை வந்தா."

"இன்னிக்கு மழைதான்."

"அப்ப வலிக்குது."

ரோனன் துணியைப் பிழிந்தான். மாலக்கி சுவரைப் பார்த்தபடி, பதின்மூன்று வருடம் முன்பு சொன்னதையே திரும்பவும் சொன்னார்.

"அந்த மனுசன் உங்கம்மாவத் தூக்கினாரு, ரோனன்."

"நானுந்தான் தூக்கினேன், அப்பா. அவருக்கு நேர் பின்னாடி நான் நின்னேன். அவரு சறுக்கினப்ப முழு பாரமும் என் தோள்லதான் வந்துச்சு. நீ திரும்பிப் பாக்கல."

ரோனன் சட்டையை மாட்டிவிட்டு, தோள்பட்டையில் வைத்துத் தைத்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். பிறகு இருவரும் பூசைக்குப் போனார்கள், மழையில், ஒருவர் கை உயர்த்தியபடி, ஒருவர் சாய்ந்து நடந்தபடி. செவ்வாய்க்கிழமை அவன் பெர்த்துக்குத் திரும்பிவிட்டான். விமான நிலையத்தில் இந்தத் தடவை திரும்பிப் பார்த்தானாம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை என்றார் மாலக்கி.

இப்போது அந்தக் கையை யாரும் பார்ப்பதில்லை. கல்யாணப் படம் எடுக்கிறவர் அவரைக் கடைசி வரிசையில் நிற்கச் சொல்வார், ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அவர் பின்னால் உட்கார மாட்டார்கள், அவ்வளவுதான். வரும் டிசம்பர் மாநாட்டிலும் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். ரோனனுக்குத் தரவேண்டியது ஒரு இரண்டாம் பாதி, முப்பத்தைந்து நிமிடம். அது இன்னும் பாக்கி.