முப்பது வருடத்துக் கிளாம்ப்

நடுவர் ஹார்லன் டார்ச் விளக்கோடு பானெட்டுக்குள் குனிந்தபோது மார்லிஸ் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். ஒஹையோ கார் கண்காட்சிக்கு அவள் கணவன் டுவெய்ன் கொண்டுவந்திருந்த 1969-ஆம் வருடத்து, பெரிய இன்ஜின் வைத்த மசில் காரில், எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் மாத்தினதில்ல," என்றான் டுவெய்ன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இன்ஜின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

முப்பது வருடங்களுக்கு முன்பு, டுவெய்ன் மீன் பிடிக்கப் போயிருந்த வாரத்தில், மார்லிஸ் அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துவிட்டாள். அவள் அண்ணன் கிளீட்தான் ரகசியமாகச் சரிசெய்து கொடுத்தான். வேறு இன்ஜின் மாற்றவில்லை என்று சத்தியமும் செய்தான். ஆனால் கிளீட் வாயைத் திறந்தால் பாதி பொய். அதனால் டுவெய்ன் தன் காரைப் பற்றிப் பெருமை பேசும்போதெல்லாம் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஹார்லன் இன்ஜினில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்து, காரின் எண்ணோடு ஒப்பிட்டார்.

"பொருந்துது. இந்தக் காரோடவே வந்த இன்ஜின்தான்."

மார்லிஸ் காரில் சாய்ந்துகொண்டாள். கிளீட் அன்று செய்த சத்தியம் பொய்யில்லை.

"ஆனா ரேடியேட்டர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற இந்தக் கிளாம்ப் அந்தக் காலத்தது இல்ல. ஒரு மார்க் போச்சு."

"கிளாம்பா? அதை எவன் மாத்துனான்?" டுவெய்ன் கத்தினான்.

மார்லிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கிளீட்தான். கத்தாம உக்காரு, டுவெய்ன். நீ மீன் பிடிக்கப் போன வாரத்தைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும்."